ஒப்பந்தத்தில் லைசென்ஸ், வாய்ப்பேச்சில் பிரான்சைஸ்: டீ கியோஸ்க் எடுக்கலாமா?

செந்தூல்வாசி:

வணக்கம். பிரான்சைஸ் கடை நடத்தியவர்களோ சட்டம் தெரிந்தவர்களோ இருந்தால் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

என் வீட்டுக்காரர் பேங்கில் விஎஸ்எஸ் (விருப்ப ஓய்வுத் தொகை) எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். ஐம்பது வயதாகிறது. கையில் அந்தப் பணம் இருக்கிறது, வீட்டில் சும்மா உட்காரும் ஆளும் இல்லை. ஒரு மசாலா டீ பிராண்டு கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் பத்துப் பன்னிரண்டு கியோஸ்க் வைத்திருக்கிறது. பெயர் வேண்டாம். எல்ஆர்டி ரயில் ஸ்டேஷன் ஒன்றின் வாசலில் எங்களுக்கு ஓர் இடம் காட்டினார்கள். நல்ல இடம்தான், சாயங்காலம் கூட்டம் மொய்க்கிறது.

ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார்கள், முப்பத்தெட்டுப் பக்கம். முதல் பக்கத்தில் "லைசென்ஸ் ஒப்பந்தம்" என்று இருக்கிறது. ஆனால் ஃபேஸ்புக் விளம்பரத்திலும் நேரில் பேசும்போதும் பிரான்சைஸ், பிரான்சைஸ் என்றுதான் சொன்னார்கள். சேல்ஸ் தம்பியிடம் கேட்டதற்கு, "ரெண்டும் ஒண்ணுதான்க்கா. பிரான்சைஸ்னு போட்டா அமைச்சு, ஃபாரம்னு இழுக்கும், அதான்" என்றார்.

நுழைவுக் கட்டணம் 68,000 வெள்ளி (ரிங்கிட்). டெபாசிட் 15,000. மாத விற்பனையில் 6 விழுக்காடு ராயல்டி, விளம்பர நிதிக்கு 2 விழுக்காடு. டீத்தூள் கலவை, கப், பலகாரம் எல்லாமே அவர்களிடம்தான் வாங்க வேண்டும். கடை திறக்கும் நேரம், போடும் சட்டை, ஒரு கப்புக்கு எத்தனை மில்லி பால் என்பது வரை ஒரு கையேடு. ஒப்பந்தக் காலம் 3 வருடம். முடிந்த பிறகு 5 வருடத்துக்கு மலேசியாவில் எங்கேயும் டீ, காப்பி வியாபாரம் செய்யக்கூடாதாம், குடும்பத்தாரும் சேர்த்து. என் கொழுந்தனார் கெப்போங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். அங்கே டீ ஆற்றாமல் எப்படி?

இந்த வெள்ளிக்கிழமைக்குள் 5,000 வெள்ளி புக்கிங் கட்டச் சொல்கிறார்கள், அதே இடத்தை இன்னொரு பார்ட்டியும் கேட்கிறதாம். வீட்டுக்காரர் கட்டிவிடலாம் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

வங்சாமாஜு அண்ணாச்சி:

கட்டாதீங்க. அந்த "இன்னொரு பார்ட்டி" வீடு வாங்கப் போனாலும் இருப்பான், கார் வாங்கப் போனாலும் இருப்பான். என் கூட்டாளி பபள் டீ எடுத்து, அந்த மோகம் இறங்கினதும் மெஷினை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டான். கொழுந்தனார் கடையிலேயே ஒரு ஓரமாக டீ ஸ்டால் போட்டுப் பாருங்களேன், ராயல்டி மிச்சம்.

லைட் ஸ்ட்ரீட் கிளார்க்:

சகோதரி, நான் வக்கீல் இல்லை. பினாங்கில் லைட் ஸ்ட்ரீட் பக்கம் வக்கீல் ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த மாதிரி ஒப்பந்தங்களை டைப் அடித்தே கண்ணாடி போட்டவன். அந்த அளவுக்குச் சொல்கிறேன், கையெழுத்துக்கு முன் வக்கீலிடம் காட்டத்தான் வேண்டும்.

நம் நாட்டில் இதற்கென்றே 1998ஆம் ஆண்டின் பிரான்சைஸ் சட்டம் இருக்கிறது, சட்டம் 590. 1999 அக்டோபரில் நடப்புக்கு வந்தது. பிரான்சைஸ் என்றால் என்ன என்பதை அதன் 4ஆவது பிரிவு சொல்கிறது. ஒருவர் தன்னுடைய வியாபார முறையை நடத்த இன்னொருவருக்கு உரிமை கொடுக்கிறார், தன் வணிகச் சின்னத்தையோ தொழில் ரகசியத்தையோ பயன்படுத்த விடுகிறார், அந்த வியாபாரத்தின் மேல் தொடர்ந்து கட்டுப்பாடு வைத்திருக்கிறார், அதற்குக் கட்டணம் வாங்குகிறார், வாங்குபவர் தனி ஆளாகத் தன் முதலைப் போட்டு நடத்துகிறார். முதல் பக்கத்தில் என்ன தலைப்பு அடித்திருக்கிறது என்பது அந்தப் பிரிவில் எங்கேயும் இல்லை. சட்டை நிறத்தையும் பாலின் மில்லியையும் அவர்களே சொல்கிறார்கள் என்றால், அதைவிடக் கட்டுப்பாடு வேறென்ன வேண்டும்? என் கணக்கில் உங்கள் கையில் இருப்பது பிரான்சைஸ் ஒப்பந்தம்தான்.

பிரான்சைஸ் என்றால் அதை விற்கக் கடை விரிப்பதற்கு முன்பே பிரான்சைஸ் பதிவாளரிடம் பதிந்திருக்க வேண்டும், இது 6ஆவது பிரிவு. பதிவாளர் உள்நாட்டு வாணிபம், வாழ்க்கைச் செலவின அமைச்சின் கீழ் வருகிறார், புத்ராஜெயாவில். பதியாமல் நடத்தும் கம்பெனிக்கு முதல் குற்றத்துக்கே 250,000 வெள்ளி வரை அபராதம் போடலாம். பதிவு செய்யப் போனால் வணிகச் சின்னம் பதிந்திருக்க வேண்டும், தணிக்கை செய்த கணக்கு, நடைமுறைக் கையேடு, பயிற்சிக் கையேடு, ஒப்பந்த மாதிரி, பிரான்சைஸின் விவரங்களைச் சொல்லும் விவர அறிக்கை எல்லாவற்றையும் கொடுக்க வேண்டும். "இழுக்கும்" என்று அந்தத் தம்பி சொன்னாரே, இழுப்பது இதுதான். கணக்கைக் காட்டச் சொன்னால் சிலருக்கு இழுக்கத்தான் செய்யும்.

இதில் உங்களுக்கு என்ன என்று கேட்பீர்கள். பதிந்த பிரான்சைஸ் என்றால், கையெழுத்துப் போடுவதற்குக் குறைந்தது 10 நாளுக்கு முன்பே ஒப்பந்தத்தையும் விவர அறிக்கையையும் உங்கள் கையில் கொடுத்தாக வேண்டும், 15ஆவது பிரிவு. கையெழுத்துப் போட்ட பிறகும் மனம் மாற ஒரு கால அவகாசம் உண்டு, 7 வேலை நாளுக்குக் குறையாமல். அதற்குள் விலகினால், ஒப்பந்தம் தயாரித்த நியாயமான செலவை மட்டும் கழித்துக்கொண்டு பாக்கியைத் திருப்பித் தர வேண்டும். கையெழுத்துக்கு முன் பணம் கேட்டால் அது எதற்கு, எந்த நிபந்தனையில் திரும்ப வரும் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும், 19ஆவது பிரிவு. உங்கள் 5,000 வெள்ளி இதில்தான் வருகிறது. அப்புறம் ஒப்பந்தக் காலம் 5 வருடத்துக்குக் குறையக்கூடாது. உங்களுடையது 3 வருடம். அந்த ஒரு வரியே போதும், சட்டத்தைப் பார்த்து எழுதிய தாள் இல்லை என்று தெரிந்துகொள்ள.

கொழுந்தனார் விஷயம் தனி. 26ஆவது பிரிவுப்படி பிரான்சைஸ் எடுத்தவரும், கம்பெனியாக இருந்தால் அதன் இயக்குநர்கள், அவர்களுடைய கணவன் மனைவி, நெருங்கிய குடும்பம், வேலையாட்கள் எல்லாரும் ஒப்பந்தக் காலத்திலும் அது முடிந்து 2 வருடம் வரையிலும் அதே மாதிரி வியாபாரம் செய்யக்கூடாது. சட்டம் சொல்வது 2 வருடம், இவர்கள் கேட்பது 5. லைசென்ஸ்தான் என்று அவர்கள் சாதித்தால் இந்தப் பிரிவின் துணை அவர்களுக்குக் கிடையாது. அப்போது 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 28ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். பிழைப்பைத் தடுக்கும் நிபந்தனை பொதுவாக அங்கே செல்லாது. ஆனால் "செல்லாது, பார்த்துக்கலாம்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வக்கீல் நோட்டீஸைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஆபீஸ் படி ஏறியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எந்தத் தாளாக இருந்தாலும், கெப்போங் கடையின் பெயரும் முகவரியும் போட்டு, அங்கே இப்போது நடக்கும் வியாபாரத்துக்கு இது பொருந்தாது என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று, செலவில்லாத வேலை. 2022 ஏப்ரலில் நடப்புக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு பதிவு விவரத்தைக் கடையில் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். அவர்களுடைய கியோஸ்க் ஒன்றிரண்டுக்குப் போய் ஒரு டீ குடித்துக்கொண்டே சுவரைப் பாருங்கள்.

செந்தூல்வாசி:

ஐயா, ரொம்ப நன்றி. நேற்று செத்தாப்பாக்கும் செராஸுக்கும் போனோம். சுவரில் டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகர மன்றம்) கொடுத்த கடை லைசென்ஸ், டைஃபாய்டு ஊசி போட்ட சான்று, "கியூஆரில் பணம் கட்டலாம்" என்ற ஸ்டிக்கர். வேறு எதுவும் இல்லை. செத்தாப்பாக் கடையில் இருந்த பையன் அந்தக் கடையை எடுத்தவரின் மகன்தானாம். பெரிதாகப் பேசவில்லை, "கப் விலை ரெண்டு தடவை ஏத்திட்டாங்க ஆண்டி" என்று மட்டும் சொன்னான்.

சேல்ஸ் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் பதிவு எண் கேட்டேன். "அப்ளை பண்ணியாச்சு, வந்துட்டே இருக்கு" என்று பதில். தணிக்கைக் கணக்குக் கேட்டதற்கு ஓர் எக்ஸல் வந்தது. அதில் ஒரு நாளைக்கு 180 கப், பதினெட்டு மாதத்தில் போட்ட முதல் திரும்பிவிடும் என்று இருக்கிறது. வீட்டுக்காரர் பேங்க் ஆள், அவரே அதைப் பார்த்துச் சிரித்தார். ஆனாலும் இடம் நல்ல இடம் என்கிறார்.

முன்னாள் எச்கியூ:

ஒரு பிராண்டின் தலைமையகத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். லைசென்ஸ் என்று இருந்தாலே ஏமாற்று இல்லை. சின்னத்தைப் போட்டுக்கொள், சரக்கை வாங்கிக்கொள், கடையை உன் இஷ்டப்படி நடத்து என்று விடுகிற உண்மையான லைசென்ஸும் உண்டு, அதற்கு இந்தச் சட்டம் வராது. சின்ன பிராண்டுகளுக்கு வக்கீல், ஆடிட்டர், கையேடு என்று பதிவுக்கு ஆகும் செலவும் கொஞ்சநஞ்சம் இல்லை.

அதோடு, பதிந்த பிராண்டு என்றால் லாபம் வரும் என்று யாரும் நினைக்க வேண்டாம். டீ விற்குமா விற்காதா என்று பதிவாளர் ருசி பார்த்துச் சொல்வதில்லை. முறையாகப் பதிந்த பிராண்டின் கடைகளும் மூடத்தான் மூடுகின்றன.

லைட் ஸ்ட்ரீட் கிளார்க்:

எச்கியூ தம்பி சொல்வது சரிதான். நீங்கள் சொல்லும் உண்மையான லைசென்ஸில் கையேடு இருக்காது, விற்பனையைப் பார்த்து ராயல்டி அறுக்க கல்லாப்பெட்டியில் அவர்கள் சிஸ்டம் இருக்காது. சகோதரியின் முப்பத்தெட்டுப் பக்கத்தில் இரண்டும் இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். பிரான்சைஸின் கட்டுப்பாடு எல்லாம் வேண்டும், பிரான்சைஸின் கடமை மட்டும் வேண்டாம் என்றால் என்ன நியாயம்? பதிவுக்குச் செலவு என்கிறீர்கள். ஒரு கடைக்கு 68,000 வாங்குகிறவர் அதை எந்தக் கடையின் பணத்தில் செய்யப் போகிறார்?

"வந்துட்டே இருக்கு" என்ற பதிலுக்கு ஒரு வார்த்தை. விண்ணப்பித்திருப்பதும் பதிந்திருப்பதும் வேறு வேறு. பதிந்த பிறகுதான் விற்கலாம். எண் வரட்டும், பிறகு பேசலாம் என்று எழுதிப் போடுங்கள். அமைச்சிலும் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம், பதிவு எல்லாம் இப்போது மைஃபெக்ஸ் என்கிற இணைய முறையில்தான் நடக்கிறது.

பாயான்பாரு கடைக்காரி:

அக்கா, நான் சட்டம் பேசவில்லை, கப் கணக்குப் பேசுகிறேன். பாயான்பாருவில் ஒரு பான பிராண்டின் கியோஸ்க்கை முழு ஒப்பந்தக் காலமும் நடத்திவிட்டுப் புதுப்பிக்காமல் வெளியே வந்தவள் நான். என்னுடையது பதிந்த பிரான்சைஸ்தான். கடையை நஷ்டத்தில் மூடவில்லை. ஆனால் அந்த எக்ஸல் மாதிரி ஒரு மாதம்கூடப் பார்த்ததில்லை.

உங்கள் பிராண்டு விலை எனக்குத் தெரியாது. என் பழைய நோட்டு விலையை வைத்தே போடுகிறேன், நீங்கள் உங்கள் எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு கப் 4.50 வெள்ளி. கலவைத் தூள் 1 கிலோ பாக்கெட் 32 வெள்ளி, 45 கப் வரும் என்று பாக்கெட்டிலேயே போட்டிருக்கும். கை கொஞ்சம் தாராளமான பிள்ளை வேலைக்கு நின்றால் 40தான் வரும். சரி, 45 என்றே வைப்போம், கப்புக்கு 71 சென். பிராண்டு அச்சடித்த கப்பும் மூடியும் 48 சென். அச்சில்லாத அதே கப் ஜூரு பக்கம் மொத்தக் கடையில் 26 சென். உங்கள் 8 விழுக்காடு, ராயல்டியும் விளம்பரமும் சேர்த்து, 36 சென். ஆக கவுண்டரில் வந்து வாங்கினால் கப்புக்கு 2.95 நிற்கும்.

இப்போது டெலிவரி ஆப். என்னிடம் 30 விழுக்காடு எடுத்தார்கள். 4.50க்கு 1.35 போய்விட்டது, கைக்கு வருவது 3.15. ஆனால் ராயல்டி மெனு விலை 4.50க்குத்தான், கையில் வந்த 3.15க்கு இல்லை. என் கண்ணுக்குத் தெரியாத பணத்துக்கும் ராயல்டி. தூளும் கப்பும் போக 1.60 நின்றது. ஒப்பந்தத்தில் "மொத்த விற்பனை" என்ற வார்த்தைக்கு என்ன விளக்கம் கொடுத்திருக்கிறார்கள் என்று அக்கா முதலில் அதைத் தேடுங்கள். ஆப் கமிஷன் கழித்த பிறகா, கழிக்கும் முன்பா? தள்ளுபடி கொடுத்த நாளில் பழைய விலைக்கா, தள்ளுபடி விலைக்கா? 68,000ஐக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவதைவிட இந்த ஒரு வரியைத் திருத்தச் சொல்லிப் பேசுவது மேல், ஏனென்றால் அது ஒரு தடவை போகிற பணம், இது ஒவ்வொரு கப்பிலும் போகிறது.

மாதச் செலவு பார்ப்போம். வாடகை 3,800 என்று வையுங்கள், ஸ்டேஷன் வாசல் என்றால் கூடவும் கேட்பார்கள். இரண்டு ஆள், குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வீதம், இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) சேர்த்து ஏறக்குறைய 3,900. கரண்ட், தண்ணீர், பால் கெட்டுப்போனது, கேஸ் என்று 900. மொத்தம் 8,600. எல்லாரும் கவுண்டரிலேயே வாங்கினால் மாதம் 2,900 கப்புக்கு மேல், நாளைக்கு 97 கப் விற்றால் கைக்கும் வாய்க்கும் சரி. பாதி விற்பனை ஆப்பில் போனால் 126 கப். இதில் அண்ணனுக்கு ஒரு சென் சம்பளம் கிடையாது, போட்ட 83,000இல் ஒரு சென் திரும்பவில்லை. இரண்டு ஆளை வைத்துக்கொண்டு காலை பத்திலிருந்து ராத்திரி பத்துவரை ஏழு நாளும் ஓட்டவும் முடியாது. வாரத்துக்கு ஓர் ஆளுக்கு 45 மணி நேரம்தான். மிச்ச நேரம் யார் நிற்பது? அண்ணன்தான்.

கப் விஷயத்தில் இன்னொன்று. என்னுடைய பிராண்டில் ஒரு தடவை மூடி வேறு லாட்டில் வந்துவிட்டது. அழுத்தினால் ஒரு பக்கம் உட்காரும், மறுபக்கம் எழும்பும். ரைடர் பையில் டீ கொட்டி, வாடிக்கையாளருக்குப் பணம் திருப்பி, அதை ஆப் என் கணக்கில் கழித்தது. வெளியே வாங்கிப் போட்டால் ஒப்பந்த மீறல் என்றார்கள், புது மூடியோ இரண்டு வாரம் வரவில்லை. நான் ஒவ்வொரு மூடியையும் செல்லோடேப் போட்டு ஒட்டிக் கொடுத்தேன். "சப்ளை வராவிட்டால் இத்தனை நாளுக்குப் பிறகு வெளியே வாங்கலாம்" என்று ஒரு வாசகம் கேட்டு வாங்குங்கள்.

செந்தூல்வாசி:

பாயான்பாரு தங்கச்சி, உங்கள் கணக்கை அப்படியே வீட்டுக்காரர் எக்ஸலில் போட்டார். அவர்களுடைய 180 கப்பில் ஆப் விற்பனையே இல்லை. ஆப் கமிஷன் என்று ஒரு கட்டமே கிடையாது. இப்போதுதான் மனிதர் கொஞ்சம் அடங்கியிருக்கிறார்.

ஒரு சந்தேகம். அந்த இடத்தின் வாடகை ஒப்பந்தம் பிராண்டின் பெயரில் இருக்குமாம், நாங்கள் அவர்களுக்கு வாடகை கட்ட வேண்டுமாம். இது நல்லதா? விளம்பர நிதி 2 விழுக்காடு எங்கே போகிறது என்று கேட்கலாமா? பணத்தைக் கட்டிவிட்டு ஏதாவது தகராறு வந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று ஒரு தோழி சொல்கிறாள், சரியா?

லைட் ஸ்ட்ரீட் கிளார்க்:

தோழி சொல்வது நடக்காது. அந்தத் தீர்ப்பாயம் வீட்டுக்குப் பொருள் வாங்கியவர்களுக்கு. நீங்கள் வியாபாரத்துக்கு வாங்குகிறீர்கள். தகராறு என்றால் கோர்ட்தான். 100,000 வெள்ளி வரை மாஜிஸ்திரேட் கோர்ட், அதற்கு மேல் செஷன்ஸ். ஒப்பந்தத்தில் நடுவர் மன்றம் என்று போட்டிருந்தால் அதற்கும் தனிச் செலவு, கடைசிப் பக்கங்களில் பாருங்கள்.

விளம்பர நிதி பற்றித் தாராளமாகக் கேட்கலாம். பிரான்சைஸ் சட்டத்தின் 22ஆவது பிரிவுப்படி அதைத் தனிக் கணக்கில் போட வேண்டும், வருடா வருடம் தணிக்கை செய்ய வேண்டும். "தலைமையகம் பார்த்துக்கொள்ளும்" என்பது பதில் இல்லை.

வாடகை விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. இடம் அவர்கள் பெயரில் இருந்தால், ராயல்டித் தகராறு வந்த அன்றைக்கே வாசலில் பூட்டு விழும். பிரான்சைஸ் சட்டத்தில் ஒப்பந்தத்தைக் காலத்துக்கு முன் முறிக்க நியாயமான காரணம் வேண்டும், மீறல் இருந்தால் எழுத்தில் சொல்லித் திருத்திக்கொள்ளக் குறைந்தது 14 நாள் கொடுக்க வேண்டும். அந்த 14 நாளும் நீங்கள் கடைக்குள் இருந்தால்தானே பிரயோஜனம்? முடிந்தால் உங்கள் பெயரில் எடுங்கள். முடியாது என்றால் இடத்துச் சொந்தக்காரரோடு அவர்கள் போட்ட ஒப்பந்தத்தின் நகலைக் கேளுங்கள். இரண்டு வருட வாடகையை வைத்துக்கொண்டு மூன்று வருட லைசென்ஸ் விற்கிறார்களா என்று தேதியைப் பாருங்கள். உங்களிடம் வாங்கும் வாடகையும் அவர்கள் கட்டும் வாடகையும் ஒன்றுதானா என்பதும் அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

வெள்ளிக்கிழமைக்கு இப்படி அனுப்புங்கள்: "பதிவு எண், விவர அறிக்கை, கடைசி வருடத் தணிக்கைக் கணக்கு, வாடகை ஒப்பந்த நகல் ஆகியவை கிடைத்துப் பத்து நாள் கழித்து முடிவு சொல்கிறோம். அதற்கு முன் புக்கிங் தொகை வேண்டுமென்றால், அது எதற்கு, எப்போது முழுதாகத் திரும்பும் என்று கம்பெனி லெட்டர்ஹெட்டில் கொடுங்கள்." வாட்ஸ்அப்பில் இல்லை, இமெயிலில். அப்படியே எஸ்எஸ்எம் (கம்பெனிகளைப் பதியும் ஆணையம்) தளத்தில் கொஞ்சம் பணம் கட்டி அந்தக் கம்பெனியின் விவரத்தை எடுத்துப் பாருங்கள், இயக்குநர்கள் யார், கடைசியாக எந்த வருடக் கணக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று தெரியும்.

செந்தூல்வாசி:

இமெயில் போட்டுவிட்டோம் ஐயா. வெள்ளிக்கிழமை போய்விட்டது, பதில் இல்லை. திங்கள்கிழமை சேல்ஸ் தம்பி கூப்பிட்டு, "இடம் இன்னும் இருக்குக்கா, புக்கிங் 3,000 போதும்னு பாஸ் சொல்றார்" என்றார். பதிவு எண்ணைப் பற்றி மூச்சு விடவில்லை. வீட்டுக்காரர் நாளைக்குக் கெப்போங் போகிறார், தம்பி கடையில் சாயங்காலம் எத்தனை டீ ஓடுகிறது என்று எண்ணிப் பார்க்க.

வங்சாமாஜு அண்ணாச்சி:

அதைத்தானே நான் முதல்லயே சொன்னேன்.